சித்தூர் எல்லையில் ஒரு சேனலும் ஓர் அறக்கட்டளையும்: நிகழ்வு ஆய்வு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, பெருமாட்டி ஊராட்சிகளில் பல வீடுகளில் பேச்சு தமிழ். தாலுகா ஆபீஸ் காகிதம் மலையாளம். திருவனந்தபுரத்துச் செய்தியில் இந்த வார்டுகள் வருவதில்லை. சென்னைச் செய்தியில் கேரள ரேஷன் கார்டு அறிவிப்பு வருவதில்லை. இந்த இடைவெளியில் மொபைலும் மைக்கும் எடுத்துக்கொண்டு இறங்கிய இளைஞர்கள் யூடியூப் செய்தியை ஒரு தொழிலாகவே ஆக்கியிருக்கிறார்கள். சேனல் நாலு பேருக்குத் தெரிந்ததும் வாசலில் வந்து நிற்பவர்கள் விளம்பரக்காரர்கள் மட்டுமல்ல, ஆஸ்பத்திரிச் சீட்டோடு வருபவர்களும்தான். அங்கிருந்து தொழிலோடு தர்மமும் சேர்ந்துகொள்கிறது.

இங்கே வரும் இளைஞர் தனி ஒருவர் அல்ல. இந்த வட்டாரத்தில் இப்படித் தொழில் செய்பவர்கள் நடக்கும் பாதையைச் சேர்த்து ஒரே ஆளாக எழுதியிருக்கிறோம். சட்டம், விதி, தொகை வரம்பு ஆகியவை உள்ளபடியே உள்ளவை. வருமான வரியில் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ஆடிட்டர் ஆபீசில் புழங்கிப் பழகிய பழைய பெயர்களையே இங்கே வைத்திருக்கிறோம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம்: சேனல் பணமும் உதவிப் பணமும் ஒரே கணக்கில் ஒரு நாள்கூடச் சேர்ந்து இருக்கக் கூடாது. இவர் நிமிர்ந்ததும் சறுக்கியதும் இந்த ஒரு இடத்தில்தான்.

சேனல் எதில் நின்றது

கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். முதலில் கவனம் பெற்றது தண்ணீர்ச் செய்தி. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். 1970-இல் கையெழுத்தாகி 1958 முதலே செல்லும் என்று எழுதப்பட்ட ஒப்பந்தம் அது. தண்ணீர்க் கணக்கு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். சித்தூர் விவசாயி கேட்பது அரசியல் விவாதம் அல்ல. இன்றைக்கு எத்தனை கன அடி வந்தது, இந்த ஆண்டுக் கணக்கில் பாக்கி எவ்வளவு, இவ்வளவுதான். அதைத் தினமும் இரண்டு நிமிடத்தில் தமிழில் சொல்ல ஆள் இல்லை. இவர் சொன்னார்.

அடுத்தது அரசாணைகளைத் தமிழில் விளக்குவது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் இடம் தருகிறது. இது பாதிப் பேருக்குத் தெரியாது. மனு எழுதும் முறையைத் திரையில் காட்டிய வீடியோக்கள்தான் இவருக்கு நிலையான பார்வையாளர்களைக் கொண்டுவந்தன. பிளாச்சிமடை இதே பெருமாட்டி ஊராட்சியில்தான் இருக்கிறது. 2002-இல் நிலத்தடி நீருக்காகக் கோகோ கோலா ஆலைக்கு எதிரான போராட்டம் தொடங்கியபோதும் 2004-இல் ஆலை நின்றபோதும் வெளியூர்க் கேமராக்கள் வந்தன, போயின. கிணற்றுத் தண்ணீரைப் பற்றி இன்றைக்கும் போய்க் கேட்பது உள்ளூர்ச் சேனலின் வேலை.

யூடியூபில் முழு விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது ஷார்ட்ஸில் 90 நாளில் 1 கோடி பார்வை. எண்ணிக்கையை எட்டிய பிறகும் விண்ணப்பம் தள்ளுபடியாவது உண்டு. மலையாளச் சேனலின் காட்சியை எடுத்து அதன் மேல் தமிழ்க் குரல் வைத்தால் ‘மறுபயன்பாட்டு உள்ளடக்கம்’ என்று திருப்பிவிடுவார்கள். காட்சியின் உரிமையாளர் புகார் கொடுத்தால் அது தனி அடி (‘ஸ்ட்ரைக்’). 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். கொங்கன் படைத் திருவிழாவைச் சொந்தமாகப் படம்பிடித்தாலும், பின்னால் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடினால் அந்த வீடியோவின் வருமானம் பாட்டுக் கம்பெனிக்குப் போகும். செண்டமேளம் தொடங்கும் வரை காத்திருந்து எடுப்பதே வழி.

ஒலியில் இந்த ஊருக்கே உரிய சிக்கல் காற்று. பாலக்காட்டுக் கணவாயில் மழைக்காலத்தில் மேற்கிலிருந்தும், மார்கழி, தையில் கிழக்கிலிருந்தும் அடித்து வீசும். காலர் மைக்கோடு வரும் ஸ்பாஞ்ச் உறை இதற்குப் போதாது. முடி வைத்த உறை வேண்டும். பேசுபவர் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும், மைக் நெஞ்சுப் பக்கம் இருக்க வேண்டும். பதிவு முடிந்து ஆபீசில் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்த பேட்டிகளில் பாதி வீண். நேரலைக்கு 720பி படத்தரம் போதும்; அதற்கு 4 மெகாபிட் வேகம் விடாமல் வேண்டும். எல்லையில் மொபைல் ஒரு தெருவுக்குள் கேரள டவருக்கும் தமிழ்நாட்டு டவருக்கும் மாறி மாறித் தாவும், அந்த நொடியில் நேரலை அறுபடும். வேறு வேறு கம்பெனி சிம் போட்ட இரண்டு போன் வைத்துக்கொண்டு, நின்ற இடத்தில் வேகம் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

யூடியூப் விளம்பரப் பணம் கூகுளின் ஆட்சென்ஸ் வழியாக வருகிறது. அதில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரிச் சரிபார்ப்புக்கு எண் தாங்கிய தபால் வரும். 100 டாலர் தாண்டினால் மாதத்தின் 21 முதல் 26-க்குள் வங்கிக்கு வரும். அமெரிக்க வரிப் படிவம் கொடுக்காமல் விட்டால் அங்கே மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிக்க வாய்ப்புண்டு. கொடுத்தால் அமெரிக்கப் பார்வையாளர்கள் மூலம் வந்த பகுதிக்கு மட்டும் 15 சதவீதம். சித்தூர் சேனலுக்கு அந்தப் பகுதி சொற்பம்.

ஆனால் குடும்பம் நடத்த இந்தப் பணம் போதாது. உள்ளூர் விளம்பரம்தான் சோறு. இந்த எல்லைக்கு ஒரு வசதி: ஓணம் ஒரு சீசன், பொங்கல் இன்னொரு சீசன். இடையில் முதலமடை மாங்காய், மே மாதப் பள்ளிச் சேர்க்கை. விளம்பரம் தருபவர் பொள்ளாச்சிக்காரர் என்றால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சேவை. சரக்கு விற்பவருக்கு அப்படியானால் முதல் ரூபாயிலேயே ஜிஎஸ்டி பதிவு. சேவைக்கு அப்படியில்லை, ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும் வரை வேண்டாம். ஆட்சென்ஸ் வரவும் அந்த 20 லட்சத்துக்குள் கணக்காகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மறுக்க வேண்டிய விளம்பரங்களே முதலில் தேடி வரும். சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் அடியோடு தீர்ப்பதாகச் சொல்லும் மருந்து ஒன்று. 1954-ஆம் ஆண்டின் மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டம் 54 நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு இரண்டாவது. அதன் விளம்பரத்தை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிவிட்டது. மூன்றாவது லாட்டரி. கேரளத்தில் அரசே நடத்துகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் தடை. லாட்டரி முடிவு போட்டால் பார்வை குவியும், பார்ப்பவர்களில் பெரும் பகுதி எல்லைக்கு அந்தப் பக்கம். இவர் மூன்றையும் விட்டார். காலையில் புற்றுநோயாளிக்கு உதவி கேட்டுவிட்டு மாலையில் புற்றுநோய் லேகியம் விற்கும் சேனலை நம்பி யாரும் பணம் அனுப்ப மாட்டார்கள், அனுப்பவும் கூடாது.

முதல் உதவி வீடியோவும் அதன் பின்விளைவும்

சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு உதவி கேட்டு ஒரு குடும்பம் வந்தது. இவர் அன்று மாலையே வீடியோ போட்டார். கீழே தன் சொந்தக் கூகுள் பே எண்ணைக் கொடுத்தார். நல்ல மனதோடு செய்யப்படும் தவறுகளில் இதைவிடப் பெரியது இந்தத் தொழிலில் கிடையாது.

உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் பணம் வந்தால் முழுத் தொகையும் வருமானமாகக் கணக்காகும். அது தனக்காக வந்ததில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு இவர் தலையில் விழுகிறது. அடுத்தது கணக்கு முடக்கம். பணம் அனுப்பிய ஆயிரம் பேரில் ஒருவருடைய பணம் எங்கோ நடந்த ஆன்லைன் மோசடியிலிருந்து வந்திருந்தால் போதும், வேறு மாநிலத்துக் காவல் நிலையத்தின் புகாரில் கணக்கு நின்றுபோகும். 2023-இல் கேரளத்தில் சிறு கடைக்காரர்கள் பலர் யூபிஐயில் வாங்கிய சில நூறு ரூபாயால் இப்படி மாட்டினார்கள். கணக்கு முடங்கினால் சேனலின் சம்பளம், வாடகை, நோயாளியின் பணம் எல்லாம் ஒரே பூட்டுக்குள். டயாலிசிஸில் இருப்பவர் அதுவரை காத்திருக்க முடியாது.

நோயாளியின் கணக்கையே நேராகக் கொடுப்பது தீர்வாகத் தோன்றும். அங்கேயும் குழி உண்டு. முழு ஆவணம் தராமல் தொடங்கிய ‘சிறு கணக்கு’ என்றால் ஆண்டுக்கு 1 லட்சத்துக்கு மேல் வரவு ஏறாது, இருப்பு 50,000 தாண்டக் கூடாது. தோட்டத் தொழிலாளி, கள்ளு இறக்குபவர், கட்டட வேலைக்காரர் வீடுகளில் இப்படிப்பட்ட கணக்குகள் இருக்கின்றன. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்க் கேட்காமல் எண்ணைத் திரையில் போட்டுவிட்டால், இரண்டாம் நாளே பணம் திரும்பத் தொடங்கும்.

பிற்பாடு வகுத்த வழி

கேமராவைத் தொடும் முன் ரேஷன் கார்டைப் பார்க்க வேண்டும். எல்லையில் இது பாதி வேலை. கேரளக் கார்டுக்காரர் ‘காஸ்ப்’ எனப்படும் காருண்யத் திட்டத்தில் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. அதில் இல்லாமல் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்தால் காருண்ய நல நிதியில் 2 லட்சம், சிறுநீரக நோய்க்கு 3 லட்சம். தமிழ்நாட்டுக் கார்டு என்றால் முதலமைச்சர் காப்பீடு; வருமானம் 1.20 லட்சத்துக்குள் என்ற சான்று வேண்டும். வீடு வேலந்தாவளத்தில், கார்டு கோயம்புத்தூர்ப் பக்கம், சேர்ந்த ஆஸ்பத்திரி திருச்சூரில் என்று இருப்பவர்கள்தான் இரண்டு பக்கமும் விட்டுப்போகிறார்கள். ஆயுஷ்மான் பாரத் வழியாக வெளிமாநிலத்திலும் சிகிச்சை பெற வழியுண்டு, ஆனால் அந்த ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தில், அந்தச் சிகிச்சைக்குச் சேர்ந்திருக்க வேண்டும். கேட்க வேண்டிய நேரம் அட்மிஷனுக்கு முன்பு. பில் வந்த பிறகு கேட்டுப் பயனில்லை. கேரள முதலமைச்சரின் துயர் நிவாரண நிதிக்கு அரசுச் சேவைகளுக்கான அக்ஷயா மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இதையெல்லாம் பார்த்த பிறகு சில வீடியோக்களே தேவையில்லாமல் போகும். இவர் செய்த தர்மத்தில் சிறந்தது, எடுக்காமல் விட்ட அந்த வீடியோக்கள்தான் என்பது எங்கள் எண்ணம்.

பிறகு மதிப்பீட்டுக் கடிதம். ஆஸ்பத்திரியின் தாளில், மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும், நோயாளியின் பதிவு எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். அதில் அச்சிட்ட போன் எண்ணை நம்பாமல், ஆஸ்பத்திரியின் பொது எண்ணைத் தனியே தேடி எடுத்து பில்லிங் பிரிவில் பேசி உறுதி செய்ய வேண்டும்; போலிக் கடிதத்தில் போன் எண்ணும் போலியாகத்தான் இருக்கும். உறுப்பு மாற்று சிகிச்சைக் கடிதங்களில் பெரும்பாலும் விட்டுப்போவது இரண்டு: கொடையாளிக்கான பரிசோதனைச் செலவு, சிகிச்சைக்குப் பின் வாழ்நாள் முழுதும் சாப்பிட வேண்டிய மாத்திரையின் மாதச் செலவு. இலக்குத் தொகையில் இவற்றைச் சேர்க்காவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே குடும்பம் மறுபடி வாசலில் நிற்கும்.

வீடியோவில் ஒரு வாக்கியம் ஜெயிலுக்கே கொண்டுபோகும்: ‘சிறுநீரகம் தருபவருக்குத் தக்க தொகை தரப்படும்.’ 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் விலைக்கு உறுப்பு கேட்பதையும், அதை விளம்பரம் செய்வதையும் ஒன்றாகவே பார்க்கிறது. 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம். கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் என்ற வட்டத்துக்கு வெளியே இருப்பவர் தருவதானால் அனுமதிக் குழுவைக் கடக்க வேண்டும். கொடையாளி பொள்ளாச்சி, நோயாளி சித்தூர் என்றால் இரு மாநிலக் காகிதமும் கேட்பார்கள். அதற்கு ஆகும் காலத்தையும் சொல்லித்தான் குடும்பத்தைத் தயார்செய்ய வேண்டும்.

பணம் வாங்க, கேரளத்தில் ஏற்கெனவே உள்ள நல்ல பழக்கத்தை எடுத்துக்கொண்டார்: சிகிச்சை உதவிக் குழு. வார்டு உறுப்பினர் தலைவர், அண்டை வீட்டுக்காரர் ஒருவர் கன்வீனர், பொருளாளர் ஒருவர். மூவர் பெயரில் கூட்டுக் கணக்கு, எடுக்க இரண்டு கையெழுத்து. சேனல்காரர் அதில் கையெழுத்துக்காரராக இல்லை. குழுவின் முதல் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் எழுதப்படுகிறது: தேவைக்கு மேல் பணம் வந்தாலோ, சிகிச்சைக்கு முன்பே நோயாளி இறந்துவிட்டாலோ மிச்சம் யாருக்கு. கேட்கவே கஷ்டமான விஷயம்தான். ஆனால் இறப்புக்குப் பிறகு கேட்டால் அது சண்டையாக முடியும். வடகேரளத்தில் 2021-இல் தசை நோய் பாதித்த ஒரு குழந்தையின் மருந்துக்கு 18 கோடி தேவைப்பட்டபோது 46 கோடிக்கும் மேல் வந்தது. மிச்சத்தை இதே நோயுள்ள மற்றக் குழந்தைகளுக்குக் கொடுக்க முடிவானது. சித்தூர் அளவில் தொகை சிறிது, கேள்வி அதேதான்.

வீடியோ மூன்று நிமிடம். நோய், ஆஸ்பத்திரி, மொத்த மதிப்பீடு, அரசுத் திட்டத்தில் கிடைத்தது, மீதித் தேவை, கடைசித் தேதி, குழுக் கணக்கு. உதாரணத்துக்கு மதிப்பீடு 9 லட்சம், திட்டத்தில் 3 லட்சம் என்றால் கேட்பது 6 லட்சம், 9 அல்ல. நோயாளி அழுவதைக் காட்டுவதில்லை. குழந்தை என்றால் முகமும் பள்ளிப் பெயரும் வராது. அந்த வீடியோவுக்கு மட்டும் விளம்பரத்தை நிறுத்திவிடுகிறார். யூடியூபில் ஒவ்வொரு வீடியோவுக்கும் தனித்தனியாக அதைச் செய்ய முடியும். கியூஆர் படத்தைத் திரையின் மூலையில் வைக்காமல் பேசுபவரின் நெஞ்சுக்குக் குறுக்கே, நோயாளியின் பெயர் படிந்திருக்கும்படி வைப்பதற்குக் காரணம் உண்டு. மூலையில் இருந்தால் வேறொருவன் வீடியோவை எடுத்து, மூலையை மறைத்துத் தன் கியூஆரை ஒட்டி மறுபடி ஏற்றுவான். நடுவில் இருந்தால் அந்த வேலை கடினம். அப்படியும் போலி வந்தால் யூடியூபில் உரிமைப் புகார் ஒரு பக்கம், 1930 எண்ணில் சைபர் புகார் இன்னொரு பக்கம்.

இலக்கை எட்டிய அன்றே தலைப்பில் ‘நிறைவடைந்தது’ என்று சேர்த்து, கியூஆர் தெரியும் பகுதியை வெட்டிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் பிரதிகளை நிறுத்த முடியாது. அதனால்தான் கடைசித் தேதியை வாயால் சொல்லிப் பதிவுசெய்வது. ஆஸ்பத்திரிக்குப் பணம் நேரடியாக, நோயாளியின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு வங்கி வழியாகப் போகிறது. ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்க ஆஸ்பத்திரிக்கும் அனுமதியில்லை.

ஊர் தனக்குத் தெரிந்த முறையிலும் சேர்க்கும்: பிரியாணிப் பொட்டலம் விற்று நிதி சேர்க்கும் பிரியாணி சேலஞ்ச், தனியார் பஸ்ஸின் ஒரு நாள் வசூல். சேனல் இதற்குச் செய்தி மட்டும் போட வேண்டும். பொட்டலக் கணக்கில் கை வைக்கத் தேவையில்லை.

அறக்கட்டளையா, சங்கமா

உதவி தொடர்ச்சியானதும் பதிவு தேவைப்பட்டது. பாலக்காடு மாவட்டத்தின் பெரும்பகுதி பழைய மலபார். அங்கே சங்கம் பதிய 1860-ஆம் ஆண்டுச் சட்டம். சித்தூரோ பழைய கொச்சி நாட்டுத் துண்டு. இங்கே 1955-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டம். பக்கத்துத் தாலுகா நண்பரின் விதிமுறைப் புத்தகத்தைப் பார்த்து எழுதினால் முதல் பக்கமே தவறாகும். சங்கத்துக்கு ஏழு பேர் வேண்டும். அறக்கட்டளைக்குப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளரிடம் பதிந்தால் போதும். இவர் அறக்கட்டளையை எடுத்தார். அறங்காவலர்களில் தன் குடும்பத்தார் பெரும்பான்மையாக இல்லாதபடி பார்த்துக்கொண்டது புத்திசாலித்தனம். சேனலின் ஸ்டுடியோ வாடகையையோ கேமராவையோ அறக்கட்டளைப் பணத்தில் வாங்கினால், தனக்கே பலன் தேடிக்கொண்டதாக வரிவிலக்கே பறிபோகும்.

வருமான வரியில் 12ஏபி (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை கொடுத்தவருக்கு வரிச்சலுகை) இரண்டுக்கும் படிவம் 10ஏ-வில் தற்காலிகப் பதிவு, 3 ஆண்டுக்கு. நன்கொடையில் ரொக்கமாக வந்தால் 2,000 வரைதான் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை. ஆண்டு வரவில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும். ஆண்டு முடிந்து மே 31-க்குள் நன்கொடை விவரப் படிவமான 10பிடி கொடுத்து, கொடுத்தவர்களுக்கு 10பிஇ சான்று தர வேண்டும்; தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய். கியூஆர் வழியே வரும் பணத்தில்தான் இடறல்: யூபிஐ பெயரைக் காட்டும், முகவரியைக் காட்டாது. பெயரும் முகவரியும் பதிவில் இல்லாத நன்கொடை அநாமதேயக் கணக்கில் விழும். அது 1 லட்சம் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு 30 சதவீத வரி. அதனால் கியூஆர் பக்கத்திலேயே ஒரு படிவ இணைப்பையும் வைத்தார்.

வளைகுடாப் பணம் இந்த எல்லையில் தவிர்க்க முடியாதது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் துபாயிலிருந்து தன் சம்பளத்தில் வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்காரர் அனுப்பினால் ஆகும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின் கீழ் பதிவில்லாமல் வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்கு 3 ஆண்டு அனுபவமும் 15 லட்சம் செலவுக் கணக்கும் கேட்பார்கள், கணக்கும் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில்தான் தொடங்க வேண்டும். பதிவு வரும் வரை திருப்பி அனுப்புவதே சரி. அனுப்பியவருக்கு வருத்தம் வரும். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

இப்போது இவருடைய அறக்கட்டளை தற்காலிகப் பதிவின் மூன்றாம் ஆண்டில் நிற்கிறது. உரிய கெடுவுக்குள் 10ஏபி படிவத்தில் முறையான பதிவு கேட்க வேண்டும். ஒவ்வொரு நோயாளி கோப்பிலும் ரேஷன் கார்டு நகல், மதிப்பீட்டுக் கடிதம், வங்கிச் சீட்டு, ஆஸ்பத்திரியின் இறுதி பில், ‘நிறைவடைந்தது’ என்று போட்ட வீடியோவின் முகவரி ஆகிய ஐந்தும் வேண்டும். இறுதி பில்லை வாங்கிவைக்காத கோப்புகள் முதலாண்டில்தான் அதிகம். டிஸ்சார்ஜ் ஆகி நாளானால் பழைய பில்லின் நகலுக்கு நோயாளியோ வாரிசோ ஆஸ்பத்திரிப் பதிவறையில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே விண்ணப்ப வேலை அந்தக் கோப்புகளிலிருந்து தொடங்குகிறது.